சூரியனைச் சுற்றி வட்டம் இருக்குதுங்க, படத்துல மட்டும் காணோம்: கோளாறு எங்கே?

சூரியனைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டிய நாளில் பஸ் ஸ்டாண்டு முதல் பேக்கரி வாசல் வரை எல்லோரும் போனைத் தூக்குவார்கள். அரைமணி நேரம் கழித்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் படங்களைப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு பொத்தல், சுற்றிலும் சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான். "போன் சரியில்லைங்க, வேற வாங்கணும்" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். பெரும்பாலான கோளாறு போனில் இல்லை, நிற்கிற இடத்திலும் பார்க்கிற நேரத்திலும்தான் இருக்கிறது.

இன்னொன்று. இந்த விஷயத்தில் இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள் தங்கள் வானத்தைப் பார்த்து எழுதியவை. அங்கே பொழுது, அதாவது சூரியன், தாழ்வாகவே போய் வரும். கோவை, ஈரோடு, கரூர் எல்லாம் 11 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால் நமக்கு மத்தியானம் அது மண்டைக்கு மேலேயே நிற்கும். அதனால் அவர்கள் சொல்கிற நேரத்தில், அவர்கள் சொல்கிற திசையில் தேடினால் பாதி சமாச்சாரம் கிடைக்காது.

தேவையான கருவி இரண்டு, இரண்டும் கைவசம் இருப்பவை. ஒன்று சாண்: கையை முழுசாக நீட்டி, விரல்களை நன்றாக விரித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவே வானத்தில் 20 முதல் 22 டிகிரி வரும். பெரியவர், சின்னவர் யாருக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான், கை சிறிதானால் அதன் நீளமும் சிறிதுதானே. இரண்டாவது, உங்கள் நிழல். சமதரையில் நின்று அது உங்கள் உயரத்தைவிட நீளமா குட்டையா என்று பார்த்தாலே பொழுது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். வானத்தில் எது இருக்கலாம், எது இருக்கவே முடியாது என்பதை அந்த நிழல்தான் தீர்மானிக்கிறது. கேமராவெல்லாம் அப்புறம்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய மேகம் மூடியிருப்பதால் கூசவில்லை என்று சூரியனை உற்றுப் பார்க்காதீர்கள், கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு சுற்றிலும் பாருங்கள். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் ஜூம் லென்ஸைச் சூரியனுக்கு நேரே திருப்பி வியூஃபைண்டரில் கண்ணை வைக்கவே கூடாது, லைவ் வியூ திரையில் மட்டும் பாருங்கள். கூச்சமில்லாமல் பார்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது: கறுப்பு நிற புல்லட்டின் பெட்ரோல் டேங்க். வளைந்த பளபளப்பான கறுப்பு என்பதால் மொத்த வானமும் வெளிச்சம் குறைந்து, சின்னதாக அதில் தெரியும். சூரியன் தெரியும் இடத்தை விரலால் மறைத்துவிட்டுப் பார்த்தால், நேரில் தெரியாத மங்கலான வட்டம்கூட டேங்கில் சில சமயம் பிடிபடும். கறுப்பு காரின் கூரையும் சரிதான்.

"வட்டம் தெரியுதுங்க, ஆனா இது எந்த வட்டம்?"

கட்டைவிரலால் சூரியனை மறைத்துச் சாண் போடுங்கள். சுண்டுவிரல் நுனி வட்டத்தின் மேல் விழுந்தால் அது 22 டிகிரி ஒளிவட்டம். உள்விளிம்பு சிவப்பாகவும் கூர்மையாகவும் இருக்கும், வெளியே போகப் போக வெளுத்துக் கரையும், வட்டத்துக்கு உள்ளே வானம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் கறுத்திருக்கும். காரணம் பனிக்கட்டிப் படிகங்கள். அறுகோண வடிவப் படிகத்தின் ஒரு பக்கத்தில் நுழைந்து, அதற்கு 60 டிகிரி சாய்ந்த இன்னொரு பக்கம் வழியாக வெளியேறும் ஒளி குறைந்தது 22 டிகிரியாவது திரும்பியாக வேண்டும். அதற்குக் குறைவாகத் திரும்ப முடியாது என்பதால்தான் உட்பக்கம் இருட்டு. "இந்த வெயிலில் பனிக்கட்டியா?" என்று கேட்பவர்களுக்கு: நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் போனாலே தண்ணீர் உறையும் குளிர் வந்துவிடும். இந்த வட்டம் கட்டும் கீற்றுப்படை மேகம், அதாவது சிர்ரோஸ்ட்ராட்டஸ், அதற்கும் மேலே இருக்கிறது. கீழே ஈரோட்டில் 40 டிகிரி கொளுத்தினாலும் அதற்குக் கவலையில்லை.

சாணில் கால்வாசிகூட வராமல், சூரியனையோ நிலாவையோ ஒட்டியே வண்ண வளையம் இருந்து, அதில் சிவப்பு வெளிப்பக்கம் இருந்தால் கதை வேறு. அது பனிக்கட்டி இல்லை, நுண்ணிய நீர்த்துளிகள் செய்வது, விளிம்பு விளைவால் வருவது. மேகமும் அவ்வளவு உயரமில்லை, நடு உயரத்தில் திட்டுத் திட்டாக நகர்வது. "எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை" என்று தோட்டத்தில் பெரியவர்கள் சொல்வது இந்த இரண்டையும் பிரித்துத்தான். எட்ட இருக்கும் வட்டம் உயர மேகம் பரவுவதைக் காட்டுகிறது, அதற்குப் பின்னால் மழை மேகம் வரலாம். வரலாம், அவ்வளவுதான். எங்கேயோ பெய்து தீர்த்த இடிமழை மேகத்தின் தலைப்பகுதி காற்றில் அடித்து வந்து நம் தலைக்கு மேல் வட்டம் கட்டிவிட்டுப் போவதும் உண்டு. மழை மறைவுப் பகுதியில் இருந்துகொண்டு வட்டத்தை நம்பி விதைக்கச் சொல்ல மாட்டேன்.

வளையமே இல்லாமல் சூரியனைச் சுற்றி வெறும் வெள்ளைப் பூச்சாக இருந்தால் அது தூசி. மார்ச் மாத மத்தியானங்களில் சாதாரணம், விட்டுவிடுங்கள்.

ராத்திரியில் நிலாவுக்கு மட்டுமில்லாமல் தெருவிளக்கு, எதிரே வரும் வண்டி விளக்கு எல்லாவற்றையும் சுற்றி வட்டம் தெரிகிறதா? முதலில் கண்ணாடியைத் துடையுங்கள். துடைத்த பிறகும் தெரிந்தால், அதுவும் கண் வலியோ தலைவலியோ சேர்ந்து இருந்தால், வானத்தை விட்டுவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். கண் அழுத்த நோயின் அறிகுறிகளில் இதுவும் ஒன்று.

"படம் பூரா வெள்ளை அடிச்சிருக்கு"

இதுதான் அதிகம் வரும் புகார். சூரியனுக்கும் வட்டத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் மிக அதிகம், ஆனால் வட்டத்துக்கும் அதன் பக்கத்து வானத்துக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. போன் இரண்டையும் சரிக்கட்டப் பார்த்து இரண்டையும் கெடுக்கிறது.

செய்ய வேண்டியது: திரையில் வட்டத்தின் மேலேயே விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, வானம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு வரும்வரை இருட்டாக்குங்கள். திரையில் படம் கொஞ்சம் மந்தமாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் விவரம் பதிந்திருக்கும். எச்டிஆரை அணைத்துவிடுங்கள், ஏஐ காட்சி மேம்பாட்டையும். எச்டிஆர் வேலையே வெளிச்ச வித்தியாசத்தைத் தட்டையாக்குவது, நமக்கு வேண்டியதோ அந்த வித்தியாசம்தான். ஏஐ இன்னும் மோசம், "வானம்" என்று கண்டுபிடித்தவுடன் நீலத்தை ஊற்றிவிடும், வட்டத்தின் உள்ளிருட்டு அதில் காணாமல் போகும். ரா வசதி, அதாவது சென்சார் பிடித்ததை மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் வசதி, இருந்தால் அதில் எடுங்கள். கேமரா என்றால் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ஷட்டர் 1/1000 விநாடியில் தொடங்கி, ஒவ்வொரு படியாக வேகத்தைக் கூட்டி நாலைந்து படம் எடுத்து வையுங்கள். எஃப்/16, எஃப்/22 எல்லாம் போகாதீர்கள், சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி எல்லாம் கறுப்புப் புள்ளியாக வானத்தில் முளைக்கும்.

ஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடினால், வெறும் வானத்தில் பிடிக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். தூரத்து மேல்நிலைத் தொட்டி விளிம்பிலோ காற்றாலை இறக்கையிலோ ஃபோகஸைப் பூட்டிவிட்டு மேலே திருப்புங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், சூரியனை மறைப்பது. லென்ஸின் மேல் நேர் வெயில் விழுந்தால் கண்ணாடிக்குள் ஒளி சிதறிப் படம் பூராவும் வெளுக்கும். வழி எளிது: ஏதாவது ஒன்றின் நிழல் உங்கள் லென்ஸின் மேல் விழும்படி நில்லுங்கள். மின்கம்பம், தென்னந்தலை, கோவில் கோபுரம் எதுவானாலும் சரி. பல்லடம், உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றாலைக் கோபுரம் இருக்கவே இருக்கிறது, படத்துக்கும் அழகு.

லென்ஸைத் துடைத்தீர்களா? பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் இருக்கும் ஊர்களில் நார்த்தூள் படிந்தாலே படத்தில் பனிமூட்டம் வந்துவிடும். விரல் ரேகை இருந்தால் சூரியனில் இருந்து ஒரு கோடு இழுபடும். துடைக்க, வண்டிக்கடையில் கிடக்கும் பனியன் வேஸ்ட்டை எடுக்காதீர்கள். அதில் மண் இருக்கும், லென்ஸ் கீறிப்போகும். கண்ணாடிக் கடையில் கொடுக்கும் மெல்லிய துணி போதும்.

"மறைக்கறதுக்கு ஒண்ணுமே கிடைக்கலைங்க"

மற்ற ஊர்க் குறிப்புகளில் இல்லாத நம் ஊர்ப் பிரச்சினை இது. ஏப்ரலில் இருந்து ஆகஸ்ட் வரை மத்தியானத்தில் கம்பத்தின் நிழல் கம்பத்தின் காலடியிலேயே கிடக்கும், நீங்கள் அதற்குள் நிற்க இடமில்லை. கோவையில் ஏப்ரல் 19ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் பொழுது நேர் உச்சிக்கே வந்துவிடும், நிழலே இருக்காது. உச்சி என்றால் பகல் 12 மணி இல்லை, நம் ஊருக்கு ஏறக்குறைய 12:20. அந்தச் சமயத்தில் வட்டம் கட்டினால் அது முழுசாகத் தலைக்கு மேலே இருக்கும்.

அப்போது தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைத் தேடுங்கள்: ஜன்னல் சன்ஷேடின் விளிம்பு, தெருவிளக்கின் கைமுனை, ஒரு தென்னை மட்டை. அதன் நேர் கீழே போய் நின்று, அதன் நிழல் முகத்தில் விழும்படி நகருங்கள். கழுத்து வலிக்கும் என்பவர்கள் இன்னொரு வேலை செய்யலாம். களத்தில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் போனை மல்லாக்க வைத்து, செல்ஃபி கேமராவை மேலே பார்க்கவிட்டு டைமர் போட்டுவிடுங்கள். பக்கத்தில் நின்று ஒரு குச்சி நுனியில் செருகிய பாட்டில் மூடியின் நிழலை லென்ஸின் மேல் விழவையுங்கள். படம் நேர் உச்சியைப் பார்த்து, ஆடாமல் வரும்.

துண்டு எதற்கு என்றால், சிமெண்டுக் களத்தின் சூட்டில் போன் கொதித்துக் கேமரா தானே மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் நிழலில் வையுங்கள், ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். திடீரென்று குளிர்ந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

"வட்டம் பாதிதான் வருது"

22 டிகிரி என்பது ஆரம். விட்டம் 44 டிகிரி, ஓரத்தில் கொஞ்சம் இடமும் வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் உயரவாக்கில் 53 டிகிரி பிடிக்கும், அதில் தாராளமாக அடங்கும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 18இல் வைத்தால் மேலும் கீழும் ஒட்டி ஒட்டி வரும், சூரியனைச் சரியாக நடுவில் வைத்தால்தான் தப்பிக்கும். போனில் சாதாரண லென்ஸும் கிட்டத்தட்ட அதே நிலைதான், 0.5 அல்லது 0.6 என்று போட்டிருக்கும் அகல லென்ஸுக்கு மாறுங்கள். பனோரமா எடுக்காதீர்கள், வட்டம் ஒட்டுப்போட்ட இடங்களில் கோணலாகும்.

அகல லென்ஸில் சூரியன் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்தால் வட்டம் இழுபட்டு நீளும். அது லென்ஸின் வேலை, வானத்தின் வேலை இல்லை. ஆனால் நடுவில் வைத்து எடுத்தும் பக்கவாட்டில் உப்பிய நீள்வட்டம் ஒன்று, உள்ளே இருக்கும் வட்டத்தை மேலேயும் கீழேயும் மட்டும் தொட்டுக்கொண்டு வந்தால், வாழ்த்துகள். அது வேறொரு ஒளிவளையம், பென்சில் போல நீண்ட படிகங்கள் படுக்கைவாக்கில் மிதக்கும்போது வருவது. பொழுது 30 டிகிரிக்கு மேல் ஏறிய பிறகுதான் அது மூடிய வளையமாகும், 70 டிகிரி தாண்டினால் வட்டத்தோடு ஒட்டிப்போய்ப் பிரித்துச் சொல்லவே முடியாது. நமக்குக் காலை 9 மணியில் இருந்து 11 மணி வரைதான் அதைப் பிரித்துப் பார்க்க வாகான நேரம், பிற்பகலிலும் அதே கணக்கில் இரண்டு மணி நேரம். 2021 மே 24 அன்று பெங்களூருவில் வட்டம் கட்டி நாடு முழுக்கச் செய்தியானதே, அதுபோல மே மாத உச்சி வெயிலில் கட்டும் வட்டத்தில் இந்த இரண்டும் சேர்ந்திருந்தாலும் படத்தை வைத்துக்கொண்டு தனித்தனியாகக் காட்டுவது கஷ்டம்.

"பச்சைப் புள்ளி, ரெண்டாவது சூரியன்"

போனை லேசாக ஆட்டிப் பாருங்கள். புள்ளியும் சேர்ந்து ஓடினால் லென்ஸுக்குள் நடக்கும் எதிரொளிப்பு. படத்தின் நடுமையத்தை வைத்துப் பார்த்தால் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சூரியனை விரலால் மறைத்தவுடன் காணாமல் போகும். உண்மையான எதுவும் மறைத்தாலும் அதே இடத்தில் இருக்கும், வெறும் கண்ணுக்கும் தெரியும். யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள், பாதிப் பேய் அதிலேயே குடியிருக்கிறது. பஸ் கண்ணாடி, கார் கண்ணாடி வழியாக எடுத்த வண்ணப் பட்டைகளைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

"பொய்ச் சூரியனைத் தேடறேன், சிக்கமாட்டீங்குது"

சூரியனுக்கு இடமும் வலமும் அதே உயரத்தில், ஒரு சாண் தள்ளி, சூரியன் பக்கம் சிவப்பாக, வெளியே வெள்ளை வால் நீட்டி ஒளித்திட்டு தெரிவதைத்தான் பொய்ச் சூரியன் என்கிறோம். தட்டுப் போன்ற படிகங்கள் படுக்கையாக மிதந்து வரும்போது உண்டாகிறது. மத்தியானத்தில் தேடினால் கிடைக்காது. பொழுது ஏற ஏற அது வட்டத்தை விட்டு வெளியே நகர்ந்து மங்கும், 60 டிகிரி தாண்டினால் இல்லவே இல்லை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வட்டம் இல்லாமலும் இது மட்டும் வரலாம், ஒரு பக்கம் மட்டும் வரலாம், அந்தப் பக்கம் மேகம் இருந்தால் போதும்.

அப்படி ஒன்று சிக்கியதும் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்காமல் தலையை நிமிர்த்தி உச்சியைப் பாருங்கள். அதே தட்டுப் படிகங்கள் சூரியனுக்கு இரண்டு சாணுக்கு மேலே, உச்சியைச் சுற்றி வளைந்த ஒரு சின்ன வண்ண வில்லை வரையும். சூரியன் பக்கம் வளைந்து சிரிக்கிற வாய் போலிருக்கும், வானவில்லைவிட நிறம் சுத்தமாக இருக்கும். பொழுது 32 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் வரும், அதாவது நிழல் உங்கள் உயரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல். பக்கத்தில் நிற்பவர்கள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், யார் தலைக்கு மேலே பார்க்கிறார்கள்?

"சூரியனுக்கு ரொம்பக் கீழே, வானவில் படுத்துக் கிடக்குது"

இதுதான் நம் ஊரின் சொத்து. வாட்ஸ்அப்பில் நெருப்பு வானவில் என்ற பெயரில் சுற்றும். நெருப்பும் இல்லை, மழையும் இல்லை. தட்டுப் படிகத்தின் பக்கச் சுவரில் நுழைந்து அடிப்பக்கமாக வெளியேறும் ஒளி, தொடுவானத்துக்கு இணையாகப் படுத்த ஒரு பட்டையை வரையும், மேலே சிவப்பு, கீழே நீலம். கீற்று மேகம் இருக்கும் துண்டுகளில் மட்டும் தெரிவதால் தீ எரிவது போன்ற தோற்றம்.

இதற்குப் பொழுது 58 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். 56 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு வருடம் முழுக்கவும் அந்த உயரமே வராது. நமக்கு நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடுவரை தவிர எல்லா நாளும் வரும். மார்ச், செப்டம்பரில் காலை பத்தரையில் இருந்து பிற்பகல் இரண்டேகால் வரை வாய்ப்பு திறந்திருக்கும். நிறம் நன்றாகத் திரண்டு வருவது பொழுது 68 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, அப்போது பட்டை தொடுவானத்தில் இருந்து ஒரு சாண் உயரத்தில் கிடக்கும். நிழல் கணக்கு: உங்கள் உயரத்தில் பாதியை ஒட்டி வந்துவிட்டால் பார்க்கத் தொடங்குங்கள்.

கிடைக்காததற்குக் காரணம் ஒன்றுதான், தவறான திசை. சூரியன் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ அதே திசையில், அதன் நேர் கீழே, இரண்டு சாணுக்குச் சற்று மேல் இறங்கிப் பாருங்கள். பிப்ரவரியில் அது தெற்கே இருக்கும். ஜூன் மாத உச்சி வேளையில் நமக்குச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் என்பதால் பட்டையும் வடக்கே, கோவையில் இருந்து பார்த்தால் நீலகிரி இருக்கும் பக்கம் வரும். தெற்குப் பார்த்தே நின்றால் எப்படித் தெரியும்? ஜூனில் மேற்கே பொள்ளாச்சி, கோவைப் பக்கம் தென்மேற்குக் காற்று மேகத்தை அடைத்துவிடும், கரூர், தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு வானம் திறந்திருக்க வாய்ப்பு கூடுதல்.

சூரியனுக்குப் பக்கத்திலேயே, மேக விளிம்பில் ரோஸும் பச்சையும் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒழுங்கில்லாமல் மினுக்கினால் அது இது இல்லை. நீர்த்துளி மேகத்தின் மினுக்கம், அதுவும் எடுக்க அழகுதான், சூரியனை மறைத்துவிட்டு ஜூம் செய்யுங்கள்.

"வானவில் நேர்ல இருந்துச்சு, கேமராவுல காணோம்"

போலரைசர் ஃபில்டர் மாட்டியிருக்கிறீர்களா? வானவில்லின் ஒளி ஏறக்குறைய முழுக்கவே ஒரு தளத்தில் அதிர்வது. ஃபில்டரை ஒரு பக்கம் திருப்பினால் வில் பளிச்சென்று எழும், இன்னும் 90 டிகிரி திருப்பினால் அழிந்தேபோகும். மழைக்குக் காத்திருக்காமல் பழகிக்கொள்ளலாம்: வெங்காயக் காட்டில் ஸ்பிரிங்க்ளர் ஓடும்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் வில் தெரியும், ஃபில்டரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

வில்லே தெரியவில்லை என்றால் நிழலைப் பாருங்கள். வானவில் எப்போதும் உங்கள் தலையின் நிழலைச் சுற்றி 42 டிகிரியில். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வானத்தில் வில் வராது, தேட வேண்டாம். சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி மழையும் பொழுதோட பெய்து மேற்கே வெளிவாங்கும்போது வில் கிழக்கே. ஆடிச் சாரல் காலையில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து வரும்போது வில் மேற்கே.

"நிலா வட்டம் எடுத்தா வெறும் கறுப்பு"

ஸ்டாண்டு இல்லாமல் முயலாதீர்கள். ஐஎஸ்ஓ 800, எஃப்/4, 4 முதல் 10 விநாடி. நிலா வெள்ளைப் பந்தாக வெடித்துத்தான் வரும், வட்டம் வேண்டுமென்றால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். போனில் நைட் மோடு, சுவரில் சாய்த்து வைத்து. பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாள்தான் வெளிச்சம் போதும். தைப்பூசத்தை ஒட்டி ராத்திரியில் பழனிக்கு நடப்பவர்களுக்கு நடுநிசியில் நிலா உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும், சாலையோரம் பையைத் தலைக்கு வைத்துப் படுத்து எடுப்பதே வசதி. ஆனால் தை மாதத்துப் பனியில் லென்ஸில் ஆவி பிடித்தால் அதுவே நிலாவைச் சுற்றி ஒரு வண்ண வளையத்தை உண்டாக்கும். துடைத்ததும் வளையம் மறைந்தால் வானத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

"மலை மேலே மூட்டத்துல என் நிழலைச் சுத்தி வட்டம்"

பயப்படாதீர்கள், சாமியும் இல்லை பேயும் இல்லை. சூரியன் முதுகில், மூடுபனி முன்னால் தாழ்வாக, இந்த இரண்டும் சேர்ந்தால் உங்கள் தலை நிழலைச் சுற்றிச் சின்ன வண்ண வளையம் வரும். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் தெரியும், உங்களுடையதைச் சுற்றி அல்ல. வெள்ளியங்கிரி ஏழாவது மலையில் விடியலில் கூட்டம் மொத்தமும் கிழக்கே பார்த்துக் கைகூப்பி நிற்கும், கேரளப் பக்கப் பள்ளத்தில் மூட்டம் நிறைந்திருந்தால் இது நடப்பது மேற்கே. கோத்தகிரிச் சரிவு கிழக்குப் பார்த்தது என்பதால் அங்கே மாலையில். எக்ஸ்போஷரை இங்கே குறைக்காதீர்கள், மூட்டம் வெள்ளையாக இருப்பதால் போன் தானாகவே இருட்டாக்கியிருக்கும்.

"எதுவுமே தெரியமாட்டீங்குது, எப்பத்தான் பார்க்கறது?"

வானிலை ஆய்வுத் துறைத் தளத்தில் இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தைக் காலையில் ஒருமுறை பாருங்கள். உயரமான குளிர்ந்த மேகம் அதில் வெளுப்பாகத் தெரியும், அடர்ந்த வெள்ளையின் ஓரத்தில் புகை போல மெலிந்து கிடக்கும் பகுதி நம் பக்கம் வந்தால் அன்று வெளியே போங்கள். வங்கக் கடலில் புயல் சின்னம் இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அதன் மேல்மேகம் பல நூறு கிலோமீட்டர் முன்னாலேயே பரவி வரும். கோடையில் முந்தின நாள் மாலை பக்கத்து மாவட்டத்தில் இடி மழை பெய்திருந்தால் மறுநாள் காலை பார்க்கலாம். வானம் நீலமாக இல்லாமல் பால் கலந்தது மாதிரி இருந்து, ஆனால் தரையில் நிழல் மங்கலாக விழுந்துகொண்டிருந்தால் அதுதான் சரியான மேகம். நிழலே விழாத அளவுக்கு அடர்ந்துவிட்டால் வட்டமும் போய்விடும்.

"எடிட் பண்ணினா பட்டை பட்டையா உடையுது"

ஜேபெக்கை அளவுக்கு மீறி இழுத்தால் அப்படித்தான். ரா கோப்பில் இருந்து தொடங்குங்கள். லைட்ரூமில் டீஹேஸைக் கொஞ்சம் கூட்டினாலே வட்டத்தின் உள்ளிருட்டு எழுந்து வரும், ஸ்னாப்சீடில் கர்வ்ஸ் போதும். சேச்சுரேஷனைத் தொடாதீர்கள், இல்லாத நிறத்தை அது உண்டாக்கும், பிறகு நீங்கள் எடுத்ததை யாரும் நம்ப மாட்டார்கள். மங்கலான வில்களைத் தோண்டி எடுக்க விரும்புபவர்கள் ஒரே இடத்தில் இருந்து அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து, சூரியனை வைத்து ஒன்றன் மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுக்கலாம். மேகம் நகர்ந்து கலைந்துவிடும், ஒளிவட்டம் சூரியனோடேயே இருப்பதால் திடமாகும். ஐந்து நிமிடத்தில் சூரியன் ஒரு டிகிரிக்கு மேல் நகர்ந்துவிடும் என்பதால் மரத்தையோ கட்டடத்தையோ வைத்துப் பொருத்தினால் மங்கிப்போகும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சுருக்கும்போது முதலில் பலியாவது இந்த மெல்லிய நிற மாற்றம்தான்.

என்ன எடுத்திருக்கிறோம் என்று தெரிந்தவர்களிடம் கேட்கப் போகிறீர்கள் என்றால் அசல் கோப்பையே கொடுங்கள், ஓரம் வெட்டாமல், எழுத்துப் போடாமல். நேரமும் ஊரும் தெரிந்தால் சூரியனின் உயரத்தைக் கணக்கிட்டுப் பாதி சந்தேகத்தை அங்கேயே தீர்த்துவிடலாம். போனில் நேரம் சரியாக இருக்கும், கேமராவில் பேட்டரி தீர்ந்து பல நாள் கிடந்தால் கடிகாரம் அப்படியே பின்னுக்குப் போயிருக்கும், அதை ஒருமுறை திறந்து சரிபார்த்து வையுங்கள்.